மிகிந்தலையிற் குடித்த கஞ்சி

கஞ்சி என்றவுடன் முகஞ் சுழிப்போர் எம்மவருள்ளே பலர் உளர். நோயாளிக்கு வைத்தியர் விதிக்கும் உணவு அது. அன்றேல் இல்லாதவர் வீட்டு உணவு. இவ்வாறே எமது மனத்திற் பதிந்துவிட்டது. நாமும் நெடுங்காலம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம். ஒரு மலையடிவாரத்திலேதான் அந்த எண்ணம் மாறியது. அந்தக் கதையையும், அதனால் எம் வீட்டு அடுக்களையில் நிகழ்ந்த மாற்றத்தையும் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லக் கருதினோம்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை. கல்லூரியிற் காலைப் பிரார்த்தனை நடைபெற்றுக்கொண்டிருந்தது. சிவபுராணம் முடியு முன்னரே பதினோராம் வகுப்பு வரிசையில் ஒரு மாணவன் சாய்ந்து விழுந்தான். தூக்கிச் சென்று நிழலிற் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, கண் விழித்தபின் வினவினோம்.

“காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?”

“தேத்தண்ணி மட்டும் குடிச்சனான், சேர்.”

மறுநாட் பிரார்த்தனையின்போது காலையுணவின் இன்றியமையாமை பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். நன்றாகவே பேசினோம் என்ற நினைப்பும் எமக்கு இருந்தது. அடுத்த நாள் அம் மாணவனின் தாயார் எம்மைத் தேடி வந்தார். குரலிற் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

“சேர், நீங்கள் சொன்னதெல்லாம் பிள்ளை வந்து சொன்னவன். சொல்லுறது லேசு. நான் அஞ்சரை பஸ்ஸுக்குப் போக வேணும். நாலரைக்கு எழும்பி மத்தியானத்துக்குச் சோறு கறியை வைச்சிட்டு ஓடுறன். புட்டு அவிக்கவோ, இடியப்பம் பிழியவோ நேரம் எங்க? நேரம் எடுக்காத ஒண்டைச் சொல்லித் தாங்கோ, செய்யிறன்.”

எமக்கு மறுமொழி வரவில்லை. உண்மையைச் சொன்னால், எம் வீட்டு நிலையும் அதுவே. இல்லாளும் ஆசிரியப் பணி புரிகின்றவர். வாரத்தில் நான்கு நாட்கள் கடைப் பாணும் சம்பலுந்தான் எமது காலையுணவு. எஞ்சிய நாட்களில் விசுக்கோத்தும் தேநீரும். பிறர் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்த நாம், எம் பிள்ளைகளுக்குப் பாணை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பாணை நாம் பழிக்கவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோதுமை எமது தீவில் விளையும் பயிரன்று. முழுதும் கப்பலில் வந்திறங்குவது. எம் பாட்டன்மார் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே அழைத்தனர். 2022ஆம் ஆண்டிலே நாட்டின் கையில் வெளிநாட்டுப் பணம் வற்றியபோது, பாணின் விலை எவ்வாறு ஏறிற்று என்பதையும், எரிவாயுச் சிலிண்டருக்காக எத்தனை நாள் வரிசையில் நின்றோம் என்பதையும் எவரும் மறந்திரார். ஒரு வீட்டின் காலையுணவு முழுவதும் கப்பலை நம்பியிருத்தல் நன்றன்று என்பதை அவ்வாண்டு எமக்குக் கற்பித்தது. கற்றதை நாம் விரைவில் மறந்தோம்.

தாயார் கேட்ட வினா எம் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அவ்வேளையிலேதான் வரலாற்றுப் பாட மாணவர் 38 பேரை அழைத்துக்கொண்டு மிகிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் செல்லும் சுற்றுலா வந்தது. விழுந்த மாணவனும் அதிலொருவன்.

யாழ்ப்பாணத்தார் கண்டி வீதி என வழங்கும் ஏ-9 நெடுஞ்சாலையிலேயே மிகிந்தலை அமைந்துள்ளது. கண்டியிலிருந்து தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி ஊடாக யாழ்ப்பாணத்தை அடையும் வழி இது. 2006 முதல் 2009 வரை இவ்வழி அடைபட்டிருந்த காலத்தை எம் மாணவர் அறியார்.  அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டோம். ஆனையிறவில் இருளும் உப்புக் காற்றும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வழக்கம்போல் வாகனம் நின்றது. தேங்காய் உடைத்து வணங்கி, வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினோம். மாங்குளத்துக்கு அப்பால் இருமருங்கும் காடு. வவுனியாவை அடையும்போது கிழக்கு வெளுத்தது. மதவாச்சி கடந்ததும் குளங்களும் வயல்களும் தென்படலாயின. நீரில் அல்லியும் தாமரையும்; குளக்கட்டிலே மருத மரங்கள். வன்னியின் தோற்றத்துக்கும் இதற்கும் வேறுபாடு காண்பதரிது. அதே வரண்ட வலயம், அதே குளத்து நீர், அதே நெல்.

மிகிந்தலையை அணுகியபோது வீதியோரத்திலே ஒரு சிறு கொட்டில். பெரிய அலுமினியப் பானையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சாரதி வாகனத்தை நிறுத்தினார். “சேர், இங்க கஞ்சி நல்லாயிருக்கும்” என்றார். பசுமை நிறத்திலே, பச்சரிசி மிதக்க, இலை மணம் கமழ நின்ற அந்தக் கஞ்சியைச் சிங்கள மக்கள் ‘கொல கெந்த’ என்பர். ‘கொல’ என்பது இலை. ‘கெந்த’ என்பது கஞ்சி. இலைக்கஞ்சி என்று எம்மூரில் வழங்குவதன்றி வேறில்லை.

மாணவர் ஒருவரையொருவர் பார்த்தனர். “கஞ்சியோ!” என்று ஒருவன் சிரித்தான். எம் கண் தானாகவே அன்று விழுந்த மாணவனைத் தேடிற்று. அவன் குவளையை வாங்காது பின்னே நின்றான். கஞ்சி குடிப்பதைத் தோழர் கண்டால், வீட்டில் இல்லாமை என்று எண்ணுவரோ என்ற கூச்சம் அவனை வாட்டியிருத்தல் வேண்டும். கொட்டிலில் நின்ற அம்மையார் எழுபது வயதைக் கடந்தவர். அவர் ஒன்றும் அறியாதவராய், அவனையே முதலில் அழைத்தார். “புத்தே, என்ன” என்றார். ‘மகனே, வா’ என்பது அதன் பொருள். ஒரு குவளைக் கஞ்சியையும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியையும் அவன் கையிலே கொடுத்தார். அழைத்த குரலுக்கு மறுப்புச் சொல்ல அவனால் இயலவில்லை. ஒரு மிடறு குடித்தான், கருப்பட்டியைக் கடித்தான், பின்னர் குவளை கவிழும்வரை நிமிரவில்லை. அவனைப் பார்த்து மற்றையோரும் குடித்தனர். பானையின் அடி தெரிந்தது.

எமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திற் செய்முறையை வினவினோம். அம்மையார் விரலால் எண்ணிச் சொன்னார். இரவிலே அரிசி ஊறவேண்டும். காலையிலே இலையை இடித்துச் சாறு பிழிய வேண்டும். சாற்றை இறக்கும் வேளையிலேதான் விடவேண்டும். அன்று அவர் இட்டது வல்லாரையும் சாத்தாவாரியும் கறிவேப்பிலையும். எம் வளவுகளிலும் வேலிகளிலும் காணப்படுவனவே இவையெல்லாம். நாம் கடந்து வந்த 200 கிலோமீற்றரும் எம் வீட்டுக் கிணற்றடிக்குத் திரும்புவதற்கே என்று தோன்றிற்று.

பின்னர் மலையேறினோம். மிகிந்தலையின் கற்படிகள் 1,840 என்பர். அகன்று தாழ்ந்த படிகள். இருமருங்கும் ஈழத்தலரி மரங்கள் நிழல் செய்யும். தேவநம்பிய தீசன் மகிந்த தேரரைச் சந்தித்த இடம் இம்மலை என்பதால், பொசன் பூரணையன்று படி தெரியாத வண்ணம் மக்கள் திரளுவர். நாம் சென்ற நாளில் கூட்டம் இல்லை. அடிவாரத்திலே ஒரு பழைய வைத்தியசாலையின் இடிபாடுகள் உள. நோயாளியை மருந்தெண்ணெயிற் கிடத்துதற்கென ஆளுருவாகக் குடைந்த கல்லொன்று இன்றும் அங்கே கிடக்கின்றது.

படிகளின் இடைவழியில், இரண்டாந் தளத்திலே, துறவியர் உண்ட தானசாலை. நடுவே முற்றம், சுற்றிலும் தூண்கள் நின்ற அடையாளம், நீர் வந்துபோகக் கால்வாய்கள். அங்கே இரு பெரிய கற்றொட்டிகள் கிடக்கின்றன. பெரியது சோற்றுக்கு, சிறியது கஞ்சிக்கு. ஓடம் போன்ற வடிவினவாதலின் சோற்று ஓடம், கஞ்சி ஓடம் என்றே சிங்களத்தில் வழங்குவர். சற்று முன்னர் குவளையிற் குடித்ததை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே ஓடத்திலிருந்து அள்ளியிருக்கின்றனர்! மாணவர் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து அளந்தனர்.

அருகிலே இரு கற்பலகைகள் நிற்கின்றன. 10ஆம் நூற்றாண்டில், 956 முதல் 972 வரை அரசாண்ட நான்காம் மகிந்தன் பொறிப்பித்த சாசனம் அவற்றிலே உளது. விகாரையின் பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் யாது என்பதை அது வரையறுக்கின்றது. துறவியர் விடியுமுன் எழுந்து, தியானித்து, பல் துலக்கி, முறைப்படி ஆடையணிந்து, அதன்பின் உணவுச் சாலைக்குச் சென்று கஞ்சியும் சோறும் பெறுதல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. ஓர் அரசன் காலைக் கஞ்சியைக் கல்லிலே எழுதி வைத்தான் என்பது எம் மாணவருக்கு வியப்பாயிருந்தது. அதற்கும் முன்னர், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவில் இரண்டாண்டு தங்கிய சீனத் துறவி பாகியன், அநுராதபுரத்தில் அரசன் ஐயாயிரம் ஆறாயிரம் பேருக்குப் பொதுவாக உணவு சமைப்பித்ததையும், அவர்கள் பெரும் பாத்திரங்களுடன் சென்று நிறையப் பெற்று மீண்டதையும் குறித்துள்ளார்.

சாசனம் பொறிக்கப்பட்டுச் சில பத்தாண்டுகளுக்குள்ளே சோழர் படை அநுராதபுரத்தை வென்றது. அரசுகள் மாறின. நகரைக் காடு மூடிற்று. ஆயினும் காலையில் அரிசியை நீரிலிட்டு இலைச்சாறு கலந்து குடிக்கும் வழக்கம், மொழி இரண்டிலும் பெயர் வேறாகி, இவ்வீதியின் இரு முனைகளிலும் எஞ்சி நிற்கின்றது.

அக்கற்றொட்டியின் அருகே நின்றபோது எமக்கு வேறொரு கஞ்சியும் நினைவில் எழுந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்களோடு மக்களாக மழையிலே தென்மராட்சிக்கு நடந்தபோது எமக்குப் பதினான்கு வயது. மறுநாள் ஒரு பாடசாலைத் தாழ்வாரத்திலே மூன்று கல்லை வைத்து அம்மம்மா கஞ்சி காய்ச்சினார். அரிசியும் உப்புமே உண்டு. இலை எதுவெனத் தெரியாது, வேலியிற் பறித்தார். அதனைக் குடித்தே பல நாள் உயிர் தரித்தோம். 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் உப்பிட்ட கஞ்சி ஒன்றே உணவாயிருந்ததை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் மே மாதத்தில் எம்மவர் கஞ்சி வார்க்கின்றனர். ஆகவே, கஞ்சியை எம் தலைமுறை வெறுத்ததற்கு நாவின் சுவை மட்டும் காரணமன்று. அது துன்ப நாளை நினைவூட்டிற்று. நல்ல நாள் வந்ததும் அதனை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டோம். துன்பத்திற் காத்த உணவை இன்பத்தில் துறத்தல் முறையோ என்று அம்மலையிலே எம்மை நாமே வினவிக்கொண்டோம்.

வீடு திரும்பிய மறுநாளே முயற்சி தொடங்கினோம். முதல் முயற்சி தோல்வி. இலைச்சாற்றைத் தொடக்கத்திலேயே விட்டு அரிசியுடன் கொதிக்க வைத்தோம். கஞ்சி பழுப்பு நிறமாகிக் கசந்தது. இளைய மகள் ஒரு கரண்டியுடன் எழுந்துவிட்டாள். அம்மையாரின் சொல்லை மறந்த குற்றம் எம்முடையது. இரண்டாம் நாள் அவர் சொன்னபடியே செய்தோம், நன்றாக வந்தது. கடிகாரத்தை எதிரே வைத்துப் பார்த்தோம். அடுப்பு மூட்டியதிலிருந்து இறக்கும்வரை 18 நிமிடம். அச் செய்முறையை நால்வருக்குரிய அளவில் இங்கே தருகின்றோம்.

படுக்கைக்குச் செல்லுமுன், அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசியையும் ஒரு பிடி பயற்றையும் கழுவி நீரில் ஊறவைக்க. தவிடு முற்றாக நீங்காத அரிசியே வேண்டும். உயிர்ச்சத்தும் நாரும் அத்தவிட்டிலேதான் உள்ளன. பயறு சேர்ப்பதால் புரதம் கூடும். பசியும் விரைவில் எழாது. இலையை மாலையிலேயே ஆய்ந்து ஈரத் துணியிற் சுற்றி வைத்தால் காலையில் ஐந்து நிமிடம் மீதமாகும்.

விடிந்ததும் 5 சுண்டு நீரை அடுப்பில் வைக்க. நீர் கொதிப்பதற்குள் ஊறிய அரிசியையும் பயற்றையும் கிரைண்டரில் ஒரு சுற்று மட்டும் சுற்றிக் குறுணலாக்குக. மாவாகிவிடலாகாது. அதனைக் கொதிநீரில் இட்டு, தட்டிய உள்ளி நாலைந்து பல்லு, அரிந்த சின்ன வெங்காயம், சிறிது மிளகு, நற்சீரகம் ஆகியவற்றைச் சேர்த்து அடிப்பிடியாது துழாவுக. பன்னிரண்டு நிமிடத்தில் அரிசியும் பயறும் வெந்து குழையும். அவை வேகும் நேரத்திலே இரண்டு கைப்பிடி இலையைக் கழுவி, அரைச் சுண்டு நீர் விட்டு அரைத்து வடித்துக்கொள்க. வல்லாரை, முசுமுசுக்கை, முல்லை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை ஆகியவற்றுள் எது கிடைப்பினும் நன்று. முதன்முறை செய்வோர் வல்லாரையுடன் தொடங்குக. பிள்ளைகளின் நாவுக்கு அது கடுமையன்று.

அரிசி வெந்தபின் உப்பும் அரைச் சுண்டு தேங்காய் முதற்பாலும் சேர்க்க. தேங்காய் விலையை எண்ணி அஞ்சுவோர் பாலை விட்டுவிடலாம், கஞ்சி கெட்டுவிடாது. இறுதியாக இலைச்சாற்றை விட்டு, ஒரு கொதி எழுந்ததும் இறக்கிவிடுக. இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிக. புளிப்பு, சுவைக்கு மட்டுமன்று. இலையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கும் அது துணை புரியும். தேநீரோ அதற்கு மாறாக இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கும். ஆதலின் கஞ்சி குடித்தவுடன் தேநீர் அருந்தாது சற்றுத் தாமதித்தல் நன்று. கித்துள் கருப்பட்டிக்குப் பதிலாக எமக்குப் பனங்கட்டி இருக்கவே இருக்கின்றது. ஒரு சிறு துண்டு போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். நன்கு அறிந்த இலையையன்றிப் பிறிதொன்றை இடலாகாது. ஐயமுள்ள இலையைப் பெரியோரிடம் காட்டிக் கேட்டறிக. நீரிழிவு உடையோர் அரிசியைக் குறைத்துப் பயற்றைக் கூட்டுக. குழைந்த அரிசி குருதியிலே சர்க்கரையை விரைந்து ஏற்றும். அவர்களும் கருவுற்ற தாய்மாரும் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

நேரமே இல்லாத நாட்களில் என்ன செய்வது எனின், அரிசியையும் பயற்றையும் விடுமுறை நாளொன்றில் மணம் வர வறுத்து, உடைத்து, காற்றுப் புகாத தகரத்தில் இட்டு வைக்கலாம். ஊறவைக்க மறந்த நாளிலும் அது கைகொடுக்கும்.

இவை யாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம் மாணவனின் தாயாருக்குக் கொடுத்தனுப்பினோம். பிறர் அடுக்களைக்கு வழி சொல்லும் துணிவு எமக்கு முன்போல் இல்லை, ஆதலின், ‘எம் வீட்டில் 18 நிமிடம் ஆயிற்று, உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிற்று என்று சொல்லுங்கள்’ என்று கீழே ஒரு வரி சேர்த்தோம்.

மறுமொழி தாயாரிடமிருந்து வரவில்லை. இரண்டு வாரங் கழித்து, ஆசிரியர் அறை வாசலிலே மகன் வந்து நின்றான். கையில் ஒரு போத்தல், துணி சுற்றியிருந்தது. அரிசியை அம்மா இரவிலே ஊறப்போட்டுவிட்டுப் படுப்பதாகவும், அவர் பஸ்ஸுக்குப் போனபின் தானே அரைத்துக் காய்ச்சித் தங்கைக்கும் கொடுத்துவிட்டு வருவதாகவும் சொன்னான்.

“எவ்வளவு நேரம் எடுக்குது, தம்பி?”

“முதல் நாள் அரை மணித்தியாலம், சேர். இப்ப இருபது நிமிசம். இண்டைக்கு முல்லையிலை போட்டனான்.”

போத்தலைத் திறந்து குவளையில் வார்த்தோம். இன்னமும் சூடு ஆறவில்லை. உடனிருந்த ஆசிரியர் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக் குடித்தனர். உப்புச் சற்றுக் கூடியிருந்தது. நாம் அதனை அவனிடம் சொல்லவில்லை.